இருநூற்றுப் பதினைந்து ரூபாய் நூடுல்ஸ்

பெரம்பலூரில் பேச்சுலராகக் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அங்கே இரண்டே சத்தங்கள்தான். ஒன்று, திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் போகிற லாரி. இன்னொன்று, இரும்புச் சட்டியின் விளிம்பில் கரண்டி விழுகிற ‘டங்... டங்... டங்’. முதல் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது சத்தம் சம்பளத்தைக் கெடுக்கும்.

நான் கெட்டது இரண்டாவது சத்தத்தால்.

அப்போது பாலக்கரை பக்கம் ஒரு மாடி ரூமில் மூன்று பேர் இருந்தோம். மெஸ்ஸில் ராத்திரிக்கு இரண்டு தோசையும், சட்னி மாதிரி ஒன்றும் தருவார்கள். (சட்னி என்று எழுதினால் சட்னிக்குக் கோபம் வரும்.) அதைச் சாப்பிட்டுவிட்டு மாடியேறி, செருப்பைக் கழற்றி, ‘சரி, படுப்போம்’ என்று நினைக்கிற அந்த நொடியில் கரெக்டாக ‘டங்... டங்... டங்’ கேட்கும். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போம். அடுத்த நிமிஷம் மூன்று ஜோடி செருப்பும் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்.

தள்ளுவண்டிக் கடைதான். போர்டு கிடையாது. ‘ஃபாஸ்ட் புட்’ என்று சிவப்பு பெயின்ட்டில் வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும். அதில் ‘ஃ’ உதிர்ந்துபோய் ‘பாஸ்ட் புட்’ ஆகி, பழைய சாப்பாடு என்று அர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒரு வாத்தியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே தினமும் ஒரு முட்டை நூடுல்ஸ் சாப்பிடுவார்.

கடைக்கு முதலாளி, தொழிலாளி, கேஷியர், சர்வர் எல்லாம் ஒரே குடும்பம். அடுப்படியில் அண்ணன். பார்சல், கல்லா இரண்டும் அக்கா. அக்காவுக்கு அம்மா ஒருத்தர், வண்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே இருப்பார். ஏழாவது படிக்கிற பெண் ஒன்று, வீட்டுப் பாடத்தை ஸ்டூலில் வைத்து எழுதியபடியே, ‘அண்ணா, உங்களுக்குக் காரம் கம்மியா?’ என்று தலை நிமிராமல் கேட்கும்.

நூடுல்ஸில் சின்ன வெங்காயமா என்று சென்னைக்காரர்கள் முகம் சுளிக்கலாம். பெரம்பலூர் சின்ன வெங்காய ஊர் ஸார். ஆனால் வெங்காயம் மட்டும் அல்ல ரகசியம். அண்ணன் பினாங்கில் கற்றுக்கொண்டு வந்தவர்.

வேப்பந்தட்டை பக்கத்துக் கிராமம். மழை பொய்த்த ஒரு வருஷம், ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி மலேசியா போயிருக்கிறார். கட்டட வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். இறங்கியது ஒரு மாமாக் கடையில். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு அப்படித்தான் பெயர். நம்ம ‘மாமா’தான் அங்கே போய் மாமாக் ஆகிவிட்டது என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ராத்திரி இரண்டு மணிக்குப் போய் உட்காருகிற இடத்துக்கு மாமா வீடு என்று பெயர் இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். (என் சொந்த மாமா வீட்டில் எட்டு மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.)

அந்தக் கடைகளின் ராஜா அயிட்டம் ‘மீ கோரிங்’. மீ என்றால் கோதுமை நூடுல்ஸ். சீனத்து ஹொக்கியன் பேச்சு. கோரிங் என்றால் வறுத்தது. மலாய்ச் சொல். வறுக்கிற கை தமிழ்நாட்டுக் கை. நம் ஆள் சும்மா இருப்பாரா? மிளகாய் விழுதை அரைத்துப் போட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, கடைசியில் எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டார். சீனாவில் பிறந்து, மலேயாவில் பெயர் வைத்து, தமிழனிடம் காது குத்திக்கொண்ட பதார்த்தம் அது.

அண்ணன் முதல் இரண்டு வருஷம் தட்டுதான் கழுவினார். பிறகு தண்ணி மாஸ்டர். அங்கே தண்ணி மாஸ்டர் என்றால் டீ ஆற்றுகிறவர், நீங்கள் நினைக்கிற தண்ணி இல்லை. அப்புறம்தான் மீ சட்டியைத் தொட விட்டார்களாம். ‘சட்டியத் தொடறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அடுப்புச் சத்தத்த மட்டும் கேளுன்னாங்க தம்பி’ என்பார். நான் ஏதோ தத்துவம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எண்ணெய் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் அல்ல, காதால் பார்க்க வேண்டுமாம்.

அண்ணனிடம் இன்னொரு கெடுபிடி உண்டு. ஒரு தடவைக்கு இரண்டு பிளேட்டுக்கு மேல் போட மாட்டார். வெளியே இருபது பேர் நிற்பார்கள். ‘அண்ணே, நாலா சேர்த்துப் போட்டு விடுங்க’ என்று கூட்டம் கத்தும். அசைய மாட்டார்.

‘நாலா போட்டா அது நூடுல்ஸ் இல்ல தம்பி, உப்புமா.’

இதில் நிஜமாகவே விஞ்ஞானம் இருக்கிறது. சட்டி கொதிக்கக் கொதிக்கக் காய்ந்திருக்கும்போது கொஞ்சமாகப் போட்டால், நூடுல்ஸின் மேல் ஈரம் உடனே ஆவியாகிப் போய்விடும். மேல்பக்கம் லேசாகக் கருகி, அந்தப் புகை வாசனை ஏறும். மாவுச்சத்திலும் முட்டையிலும் இருக்கிற சங்கதிகள் சூட்டில் ஒன்றோடொன்று கைகோத்துப் பழுப்பு நிறமும் மணமும் கொடுக்கின்றன. மாயார் என்கிற பிரெஞ்சுக்காரர் 1912-ல் இதை விளக்கியதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். தோசை முறுகுவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும் இதே கேஸ்தான். நாலு பிளேட்டை ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு படுத்துவிடும், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வேகும். அதாவது, உப்புமா. மாயாரும் அண்ணனும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

மத்தியானமே நூடுல்ஸை வேகவைத்து, வடித்து, எண்ணெய் தடவி, அகலமான தாம்பாளத்தில் பரத்தி ஆறவிட்டிருப்பார்கள். ஒட்டாமல் இருக்க. அக்காவின் டிபார்ட்மென்ட் அது. ராத்திரி சட்டியில் எண்ணெய் ஊற்றி, முட்டையை உடைத்துக் கிளறி, வெங்காயம், கோஸ், கேரட், பிடி நூடுல்ஸ், உப்பு, மிளகுத்தூள், ஒரு சொட்டு சோயா சாஸ், அண்ணனின் மிளகாய் விழுது ஒரு கரண்டி. பிறகு ஆரம்பிக்கும் கச்சேரி. இடது கையால் சட்டியைத் தூக்கி முன்னால் தள்ளிப் பின்னால் இழுப்பார். நூடுல்ஸ் மொத்தமும் ஒரு முழம் எகிறி, தீயைத் தொட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து சட்டியில் விழும். ஒரு இழை வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் விளிம்பில் மூன்று தட்டு. டங்... டங்... டங். அதுதான் கையெழுத்து.

எவர்சில்வர் தட்டில் வாழை இலைத் துண்டு போட்டுத் தருவார்கள். முதலில் பிளாஸ்டிக் தாள்தான் போட்டிருந்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்ததும் இலைக்கு மாறினார்கள். சூட்டில் இலை வாடி ஒரு வாசனை வரும் பாருங்கள்... அரசாங்க உத்தரவால் ருசி கூடியதாக நான் அறிந்த ஒரே கேஸ் இது.

ரூம்மேட் ஒருத்தன் ஆரோக்கிய சிகாமணி. ‘அஜினோமோட்டோ போடறாங்களா பாரு, தலைவலி வரும்’ என்பான். 1908-ல் ஜப்பானில் இகேடா என்ற புரொபசர், கடல்பாசி சூப் ஏன் இத்தனை ருசியாக இருக்கிறது என்று ஆராய்ந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷமே அது விற்பனைக்கு வந்தது. 1968-ல் ஒரு டாக்டர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு, சீன ஓட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, காரணம் சோயாவா, ஒயினா, உப்பா, இதுவா என்று கடிதம் போட்டார். அன்று பிடித்த கெட்ட பெயர். நம் தக்காளியிலேயே அதே குளூட்டமேட் இயற்கையாக இருக்கிறது என்று சொன்னால் சிகாமணி நம்ப மாட்டான். ஆனால் தலைவலி வரும் என்று சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்து அள்ளுவான். அண்ணன் அதைப் போடுவதில்லை என்பது வேறு விஷயம். ‘விழுது அரைக்கத் தெரியாதவன் போடறது தம்பி அது’ என்று ஒரே வரியில் கேஸை முடித்துவிட்டார். சிவப்பு கலர்ப் பவுடரும் கிடையாது. 2024-ல் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்று தடை போட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

மாசக் கடைசியில் கடன் சொல்வோம். அங்கே சாப்பிடுகிற பேச்சுலர்கள் எல்லோருமே சொல்வோம். நோட்டு கிடையாது, சீட்டு கிடையாது. ‘அக்கா, ஒண்ணாந் தேதி’ என்று சொல்லிவிட்டு எழுந்தால் அக்கா தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் அக்ரிமென்ட். ஒன்றாம் தேதி போய், ‘எவ்ளோக்கா?’ என்றால் பைசா பிசகாமல் சொல்வார். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆடிட்டர் இருக்கிறார், வருஷக் கடைசியில் மூன்று ரூபாய் உதைத்தால் நாலு பேர் ராத்திரி உட்கார்ந்து தேடுவோம். அக்காவிடம் தலை மட்டும்தான் இருந்தது.

2020 மார்ச். 21-ம் தேதி சனிக்கிழமை ராத்திரி அங்கே சாப்பிட்டேன். அந்த வாரத்தில் அது நாலாவது கடன். முட்டை நூடுல்ஸ் 50 ரூபாய், நாலு நாளைக்கு 200. ஒரு ஆஃப் பாயில் 15. ஆக 215. மனசில் குறித்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. திங்கட்கிழமை காலையில் ஆபீஸில், ‘ஊருக்குப் போகிறவர்கள் போகலாம்’ என்றார்கள். கும்பகோணம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். செவ்வாய் சாயங்காலம் தமிழ்நாடு முழுக்க 144. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

ஒன்றாம் தேதி வந்தது. சம்பளமும் பாதி வந்தது. அக்கா ஞாபகம் வந்ததா என்றால்... வந்தது. அவர்களிடம் போன் பண்ணிக் கேட்க நம்பர் இல்லை. பணம் அனுப்ப ஸ்டிக்கர் இல்லை. ‘திறந்ததும் கொடுத்துக்கலாம்’ என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பரில் பஸ் விட்டதும் திரும்பினேன். முதல் ராத்திரியே போய்ப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. தார் ரோட்டில் இன்னும் கறுப்பாக ஒரு நீள்சதுரம். எதிர் டீக்கடையில் விசாரித்தேன்.

‘அவங்களா? மே மாசமே காலி பண்ணிட்டாங்க தம்பி. எங்க போனாங்கன்னு தெரியல. ஏன், எதுவும் தரணுமா?’

எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ! ‘சேச்சே, சும்மாதான்’ என்றேன்.

இந்த ‘சேச்சே’ என்னை மூன்று வருஷம் படுத்தியது ஸார். 215 ரூபாய்க்கு இத்தனை அலட்டலா என்று கேட்பீர்கள். பெரிய தொகையாக இருந்தால் ஆள் தேடிப் போய்க் கொடுத்திருப்பேன், அல்லது நியாயம் பேசி ஏமாற்றியிருப்பேன். சின்னத் தொகைதான் செருப்புக்குள் கல் மாதிரி. கழற்றிப் பார்க்கவும் சோம்பல், நடக்கவும் விடாது.

2023-ல் என்னை அரியலூருக்கு மாற்றினார்கள். முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் வேறு உலகம். இந்த இரண்டு ஊரும் கூட்டுக்குடும்பத்து அண்ணன் தம்பி மாதிரி. பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம். 2001 ஜனவரி 1-ல் அரியலூர் பெரம்பலூரிலிருந்து தனிக்குடித்தனம். 2002 மார்ச் 31-ல் மறுபடி ஒரே அடுப்பு. 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனி அடுப்பு. லெட்டர்ஹெட் அச்சடித்தவர் மட்டும் நன்றாக இருந்திருப்பார். பெரம்பலூரில் ரயில் கிடையாது, அரியலூரில் உண்டு. அரியலூரில் சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலைகள், லாரிகள். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். கிளிஞ்சல், நத்தை எல்லாம் கல்லாகிக் கிடக்கிறது. 2009-ல் செந்துறை பக்கம் டைனோசர் முட்டைகள் என்று கொத்தாக எடுத்தார்கள். அத்தனை கோடி வருஷத்துக்கு அப்புறமும் முட்டை உடையாமல் இருக்கிறது. நான் ஆஃப் பாயில் கேட்டால் மட்டும் உடைந்துவிடுகிறது.

அரியலூரில் இன்னொன்றும் உண்டு. 1956-ல், அதே நவம்பர் 23-ம் தேதி விடியற்காலையில், மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். டெல்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, தார்மிகப் பொறுப்பு என்னுடையது என்று ராஜினாமா செய்தார். பாலத்தை அவரா கட்டினார்? தண்டவாளத்தை அவரா பார்த்தார்? அந்த ஊர் ஸ்டேஷன் வாசலில், 215 ரூபாய்க்குப் பொறுப்பேற்காத ஒருவன் தினமும் ராத்திரி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வந்த இரண்டாவது மாசம். மழை தூறி நின்ற ஒரு ராத்திரி. ஸ்டேஷன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த வண்டியில் இறங்கிய கூட்டம், பையும் கையுமாக ஆட்டோ பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்...

டங்... டங்... டங்.

நின்றுவிட்டேன். மூன்று தட்டு. மூன்றாவது மட்டும் கொஞ்சம் லேட். அதேதான்.

ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பர்ஸை எடுத்துப் பார்த்தேன். ஐந்நூறு இருந்தது. அப்புறம்தான் நடந்தேன்.

வண்டி புதுசு. ‘ஃபாஸ்ட் புட்’டில் ‘ஃ’ கச்சிதமாக இருந்தது. ஓரத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுச் சான்றிதழ், லேமினேட் பண்ணித் தொங்கியது. ஸ்கேன் பண்ணுகிற ஸ்டிக்கரும் இருந்தது. அடுப்பு முன்னால்... அக்கா.

அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது.

எனக்குத் தாடி போய்விட்டது, தொப்பை வந்துவிட்டது. தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ‘ஒரு முட்டை நூடுல்ஸ்’ என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

‘அண்ணன் போடலீங்களா?’

அக்கா திரும்பவில்லை. அண்ணன்தான் நறுக்குவதை நிறுத்தினார். பெஞ்சில் இருந்த இன்னொருத்தர் என்னைப் பார்த்தார். புதுசாக வருகிறவன் எல்லாம் கேட்கிற கேள்வி போலிருக்கிறது.

‘அவரு போட்டா அவரு ருசி. நான் போட்டா என் ருசி. சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க, பிடிக்கலன்னா காசு வேணாம்.’

குரலில் கோபம் இல்லை. பஸ் நம்பர் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது.

அக்கா சட்டியைத் தூக்கவில்லை. சட்டி அடுப்பிலேயே இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு கரண்டி. கொத்து பரோட்டா மாஸ்டர் மாதிரி இரண்டு பக்கமும் அள்ளி அள்ளிப் புரட்டினார். நூடுல்ஸ் பறக்கவில்லை, தரையோடு தரையாகச் சுழன்றது. இலையில் வந்து விழுந்ததைச் சாப்பிட்டேன். அந்தப் புகை வாசனை கொஞ்சம் கம்மி, ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விழுது இழைக்கு இழை பிடித்திருந்தது. அண்ணனிடம் அடியில் தங்குகிற வெங்காயம் எல்லாம் அக்காவிடம் நூடுல்ஸோடு சேர்ந்தே வந்தது. எது உசத்தி என்று கேட்காதீர்கள். நான் இலையை வழித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘தோள்பட்டை தம்பி’ என்றார் அண்ணன், நான் கேட்காமலே. ‘இறுகிப்போச்சு. கை இதுக்கு மேல வராது.’ மார்பு உயரத்துக்கு இடது கையைத் தூக்கிக் காட்டினார். அங்கேயே நின்றது.

பிற்பாடு இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சியைப் படித்தேன். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் இரண்டு பேர், தொழில்முறைச் சமையல்காரர்கள் சட்டி எகிறவிடுவதைப் படம் எடுத்து, 2020-ல் கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு எகிறலுக்கு 0.3 விநாடி. சீனச் சமையல்காரர்களில் 64.5 சதவீதம் பேருக்குத் தோள்பட்டைக் கோளாறு என்ற கணக்கையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் பிரிவு ஆசாமி என்பதால் நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு பிளேட்டுக்கு அரை நிமிஷம் எகிறவிட்டால் நூறு தடவை. ராத்திரிக்கு எண்பது பிளேட் என்றால் எட்டாயிரம் தடவை. இரும்புச் சட்டியோடு. நாங்கள் வேறு, ‘அண்ணே, இன்னும் கொஞ்சம் உசரத் தூக்குங்க’ என்று போனில் வீடியோ எடுத்தோம்.

சாப்பிட்டு முடித்தேன். பிளேட் இப்போது 80 ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, ‘அக்கா... பெரம்பலூர்ல... பாலக்கரை... லாக்டவுனுக்கு முன்னாடி... பழைய பாக்கி ஒண்ணு இருக்கு. இரு நூத்திப் பதினஞ்சு. இன்னிக்குது எம்பது. ரெண்டு நூத்தித் தொண்ணூத்தஞ்சு எடுத்துக்கங்க’ என்று ஒப்பித்தேன். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்த வசனம்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

‘இரு நூத்தி முப்பது.’

‘இல்லக்கா, நாலு நூடுல்ஸ் எரநூறு, ஆஃப் பாயில் ஒண்ணு பதினஞ்சு...’

‘ஆஃப் பாயில் ரெண்டு. மொத ஒண்ணு ஒடஞ்சிருச்சுன்னு வேற கேட்டீங்க. ஒடஞ்சதையும் நீங்கதான சாப்பிட்டீங்க?’

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அண்ணன் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, தோள் வலித்து ‘ஆ’ என்றார். நான் யோசித்தேன். வியாழக்கிழமை. ஆமாம். உடைந்தது. சாப்பிட்டேன். கணக்குப் பிரிவில் பதினோரு வருஷ சர்வீஸ்.

‘அப்ப என்னைத் தெரியுதாக்கா?’

‘வண்டியப் பாத்துட்டு அங்க நின்னு பர்ஸ எடுத்துப் பாத்தீங்களே, அப்பவே தெரியும்.’

மீதி 190-ஐ எண்ணிக் கொடுத்தார். பாட்டி எங்கே என்று கேட்டேன். 2021-ல் போய்விட்டாராம். பக்கெட் மட்டும் வண்டிக்குப் பின்னால் கவிழ்ந்தபடி இருந்தது. பெண் பன்னிரண்டாவது முடித்துவிட்டு காலேஜில் சேர்ந்திருக்கிறதாம். முதல் வருஷம், பி.காம்.

கூட்டம் குறைந்ததும் அக்காவே சொன்னார். அந்த மார்ச் மாசம் பேச்சுலர் பசங்க கடன் மட்டும் பதினாலாயிரம் சொச்சம் நின்றதாம். வாடகை, கேஸ், மளிகைக் கடைப் பாக்கி. ஒரே நாளில் ஊர் மூடியது. தோடும் வளையலும் அடகுக்குப் போய், வண்டியும் போன விலைக்குப் போனது. அப்புறம் தெருவோர வியாபாரிகளுக்கு என்று மத்திய அரசு அந்த வருஷம் ஆரம்பித்த கடனில் பத்தாயிரம் வாங்கி, அரியலூரில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் முதலில் இட்லிக் கடை.

பதினாலாயிரத்தில் என்னுடையது 230. அதை வைத்து அடகு மீண்டிருக்காது. அறுபது பேரும் இதையேதான் நினைத்திருப்போம்.

‘மன்னிச்சுக்கங்கக்கா. நாங்கல்லாம் அப்படியே ஓடிட்டோம்.’

‘யாரும் ஓடல தம்பி. கவர்மென்ட்டுதான் ஓடுன்னுச்சு’ என்றார். சட்டியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் தேய்த்தார். ‘உங்களோட சேத்து இதுவரைக்கும் பதினேழு பேரு தேடி வந்து குடுத்துட்டாங்க. ஒருத்தரு துபாய்ல இருந்து வந்தாரு. கணக்கு எனக்குத் தெரியும்.’

மீதிப் பெயர்களைக் கேட்கவில்லை. என் ரூம்மேட் சிகாமணியின் பெயர் மட்டும் கேட்டேன். 365 என்றார். ரூமுக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன். ‘டேய், தலைவலி வருமே, அந்தக் கடை’ என்று ஆரம்பித்தேன். ‘ஐயோ’ என்றான். அவன் இப்போது ஓசூரில் இருக்கிறான். ஐந்து நிமிஷத்தில் ஸ்டிக்கருக்குப் பணம் வந்துவிட்டது. ஐந்நூறு அனுப்பியிருக்கிறான். மறுநாள் அக்கா 135 ரூபாயை என் கையில் கொடுத்து, ‘இத அவருக்குத் திருப்பி அனுப்பிருங்க’ என்றார். வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ‘வட்டிக்கடையா வச்சிருக்கேன்?’

சிங்கப்பூரில் இந்த மாதிரிக் கடைக்காரர்களை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ரோட்டிலிருந்து எடுத்து, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்கு மாற்றினார்கள். 2016-ல் அப்படிப்பட்ட ஒரு கடைக்கு மிஷெலின் ஸ்டார் கிடைத்தது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் கடைப் பண்பாடு மொத்தத்தையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். ‘தண்ணிக் குழாயா? கடை வாசல்லயேவா?’ என்று அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். இங்கே 2014-லேயே தெருவோர வியாபாரிகளுக்குச் சட்டம் போட்டிருக்கிறது. அக்கா இன்னும் இரண்டு குடம் தண்ணீர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார்.

அண்ணனுக்குப் பிசியோதெரபியில் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் விரல்களை வைத்து, சிலந்தி மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். கடையில் சுவர் ஏது? பக்கத்து மின்கம்பத்தில் ஏற்றுகிறார். எட்டிய இடத்தில் அந்தப் பெண் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதிவைக்கிறது. மழை பெய்தால் அழிந்துவிடும், மறுபடி போடும். கூட்டம் இல்லாத நேரத்தில் நாங்கள் பெஞ்சிலிருந்து, ‘இன்னும் கொஞ்சம்ணே, இன்னும் கொஞ்சம்ணே’ என்று சத்தம் போடுவோம். அக்கா அடுப்பிலிருந்து திரும்பி, ‘சட்டியத் தூக்கறதுக்கு இல்ல, சட்ட போடறதுக்கு. வலிச்சா நிறுத்துங்க’ என்பார்.

போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். கோடு, கம்பத்தின் நம்பர் தகட்டுக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

‘ஆஃப் பாயில் போடவா?’ என்றார் அக்கா.

‘ஒண்ணுக்கா’ என்றேன். உடைந்தது.